பெரிய விராலுக்குத் தவளையா, ரப்பரா, ஜிலேபிக் குஞ்சா?

அக்டோபர் 6 – கேள்வி

அண்ணே, நான் மேலூர்ப் பக்கம். மூன்று வருடமாகத் தூண்டில் போடுகிறேன். அரைக்கிலோ, முக்கால் கிலோ விரால் நிறைய எடுத்துவிட்டேன். இரண்டு கிலோவுக்கு மேல் ஒன்றுகூட மாட்டவில்லை. உயிர்த்தவளை போட்டால்தான் பெரிசு எடுக்கும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்கள். கடைக்காரர் ரப்பர் தவளை போதும் என்கிறார். சிலர் ஜிலேபி மீன் (திலேப்பியா) குஞ்சு என்கிறார்கள். வெளிநாட்டு வீடியோவில் கை நீள டிரவுட் மீனை, இழுத்தால் சுழலும் தகட்டு இரையான ஸ்பின்னர் போட்டு எடுக்கிறார்களே, அது நம் கண்மாயில் எடுபடுமா? எந்த இரை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

அக்டோபர் 6, இரவு

ஒரே வார்த்தையில் அடங்காது தம்பி. தவளை, ரப்பர், ஜிலேபிக் குஞ்சு மூன்றிலும் நான் பெரிய மீன் எடுத்திருக்கிறேன். மூன்றையும் போட்டுவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கும் வந்திருக்கிறேன். இரையை அப்புறம் பார்க்கலாம். முதலில் இதைச் சொல்: நீ எங்கே நின்று போடுகிறாய்? கரை மேலா, தண்ணீர் பரந்து கிடக்கும் உள்வாய்ப் பக்கமா? மடை எங்கே இருக்கிறது, எத்தனை பேர் குளிக்கிறார்கள், ஆகாயத்தாமரை எந்தக் கரையில் ஒதுங்கியிருக்கிறது?

இது எதுவும் தெரியாமல் இரையைப் பேசினால் அரைக்கிலோ மீனுக்குத்தான் வழி சொன்னதாகும். சின்ன விரால் கண்மாய் முழுக்கச் சுற்றும். பெரிசு சுற்றாது. ஒரு இடத்தைப் பிடித்து நிற்கும். அந்த இடம் பெரும்பாலும் மடைக்குழியாக இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் நிற்கும் கருவேலமரத்தின் தூர், அதுவும் இல்லாவிட்டால் கோரைக்கும் ஆழத்துக்கும் நடுவில் இருக்கும் விளிம்பு.

இப்போதைக்கு இரண்டை விட்டுவிடு. மண்புழு போட்டால் குறவையும் கெண்டையும் உன் சாயங்காலத்தைத் தின்றுவிடும். கோழிக்குடல் போட்டால் கெளுத்தி வரும். ஸ்பின்னரும் கண்மாய்க்கு ஆகாது, பாசியில் சிக்கிச் சிக்கியே போகும்.

அக்டோபர் 6, கொஞ்ச நேரம் கழித்து

டிரவுட் பற்றிக் கேட்டதை விட்டுவிட்டேன். டிரவுட் குளிர்ந்த ஓட்டத் தண்ணீர் மீன். தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டினாலே அதற்குக் கஷ்டம். மூக்கை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும், இரையைத் தண்ணீரே அதன் வாய்க்குக் கொண்டுவந்து கொடுக்கும். நம் விரால் வெந்நீர் மாதிரிச் சுடுகிற சித்திரைத் தண்ணீரிலும் கிடக்கும். ஆனால் அதற்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றைக் குடித்தே ஆகவேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். உனக்குப் பிடி இருப்பது அங்கேதான். டிரவுட் பிடிப்பவன் ஓட்டத்தைப் படிக்கிறான். நாம் மூச்சைப் படிக்க வேண்டும். நாளை மறுநாள் ஞாயிறு, நான் ஊருக்குப் போகிறேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அக்டோபர் 8, ஞாயிறு இரவு

போனேன். இன்று கம்பைக் கையில் எடுக்கவே இல்லை. நாலரை மணிக்கு மடைக்குப் பக்கத்தில், கரைச் சரிவில் உட்கார்ந்தேன். சூரியன் முகத்தில் அடிக்கிற மாதிரி உட்கார்வது முக்கியம். முதுகில் வெயில் விழுந்தால் உன் நிழல் உனக்கு முன்னால் தண்ணீருக்குப் போய்விடும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டேன். கரை மண் இறுகிக் கிடக்கிறது, மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் தண்ணீருக்குள் கேட்கும்.

இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மடைக்கல்லுக்குத் தெற்கே, பத்துப் பன்னிரண்டு அடியில், ‘பொளக்’ என்று ஒரு சத்தம். சின்ன விரால் மூச்செடுத்தால் விரலால் சுண்டின மாதிரி இருக்கும். இது சொம்பைக் கவிழ்த்து அமுக்கின சத்தம். வட்டமாக அலை போனது, நடுவில் நாலு கொப்புளம். மணி பார்த்தேன். ஆறு நிமிடம் கழித்து மறுபடி, அதே இடத்துக்கு ஒரு முழம் தள்ளி. அப்புறம் ஐந்து நிமிடம், அப்புறம் எட்டு. அரைமணி நேரமும் அந்த மீன் ஒரு கட்டில் அகல இடத்தை விட்டு நகரவில்லை.

ஆறு மணிக்கு ஒருவர் கரை மேல் பைக்கில் போனார். அதற்குப் பிறகு கால் மணி நேரம் சத்தமே இல்லை. திரும்ப வந்தபோது கோரைக்குள்ளிருந்து வந்தது.

இதைத்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன். ஒரு சாயங்காலம் கம்பு இல்லாமல் போய் உட்கார்ந்து பார்.

அக்டோபர் 9

‘கம்பில்லாமல் கண்மாய்க்குப் போனால் வீட்டில் சந்தேகப்படுவார்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கஷ்டத்துக்கு என்னிடம் வழி இல்லை அண்ணே.

அக்டோபர் 11

இரைக்கு வருகிறேன்.

ரப்பர் தவளை வாங்கினால் அப்படியே போடாதே. வாலில் தொங்கும் இரண்டு குஞ்சலமும் கடையில் வரும்போது ஒரே நீளத்தில் இருக்கும். ஒன்றை அரை விரற்கடை வெட்டிவிடு. இழுக்கும்போது நேர்கோட்டில் வராமல் இடமும் வலமும் தத்தி வரும். வயிற்றுக்குள் தண்ணீர் புகும், பத்து வீச்சுக்கு ஒருமுறை பிதுக்கிவிடு. இல்லாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, தூண்டில் முள் தண்ணீருக்குள் போய்ப் பாசியை வாரும்.

தூண்டில் நரம்பு விஷயத்தில் கஞ்சம் பார்க்காதே. நாற்பது பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு) போடு. பெரிய விரால் கடித்ததும் ஓடாது, நேராகக் கோரைத் தூருக்குள் தலையைச் செருகும். மெல்லிய நைலான் அங்கே அறுந்துவிடும், வாயில் முள்ளோடு அந்த மீன் கிடந்து சாகும்.

இழுப்பு: இரண்டு தத்து, அப்புறம் நிறுத்து. மூன்று மூச்சு விடுகிற நேரம் சும்மா கிடக்கட்டும். எனக்குப் பெரிய மீன் அடித்ததெல்லாம் கிடக்கும்போதுதான், ஓடும்போது அல்ல.

அடித்ததும் சுண்டாதே. எல்லோரும் தோற்கிற இடம் இது. தண்ணீர் வெடித்ததும் கை தன்னால் கம்பைத் தூக்கும், தவளை காற்றில் பறந்து வந்து உன் நெஞ்சில் விழும். கம்பைத் தாழ்த்து. தொய்வைச் சுற்று. ஒண்ணு, ரெண்டு. கம்பில் கனம் தெரிந்த பிறகு இரண்டு கையாலும் தூக்கு. விரால் வாய் எலும்பு, பூவாக இழுத்தால் முள் ஏறாது. முள்ளை அரத்தில் ஒருமுறை தீட்டிவிட்டுப் போ.

அக்டோபர் 16

ஒருவர் கேட்கிறார்: ‘இவ்வளவு வேலை எதற்கு? ஐப்பசி பிறக்கப் போகிறது. செங்குஞ்சுக் கூட்டம் தெரிகிற இடத்தில் தவளையைப் போட்டால் தாய் விரால் வந்து அடிக்கும். பெரிய மீனுக்கு இதைவிடச் சுலபம் உண்டா?’

சுலபம்தான். நானும் செய்திருக்கிறேன். பதினேழு வருடம் ஆகிறது.

தெரியாதவர்களுக்காக: மழை பிடித்துக் கண்மாய் பெருகும்போது விரால் ஜோடி சேரும். ஆழமில்லாத இடத்தில் புல்லையும் பாசியையும் வட்டமாக ஒதுக்கிவிட்டு முட்டையிடும். முட்டை மஞ்சள் ஜவ்வரிசி மாதிரி மேலேயே மிதக்கும். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். கொஞ்ச நாளில் குஞ்சுகள் செம்பழுப்பாக மாறி, ஒரே பந்தாகத் திரியும். அவையும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். அதனால் மழையே இல்லாத நேரத்தில் ஒரு தாம்பாள அகலத்துக்கு மட்டும் தூறல் விழுவது மாதிரித் தண்ணீர் புள்ளி புள்ளியாகத் துள்ளும். அந்தத் தூறலுக்குக் கீழே பெரிசு நிற்கும்.

அன்றைக்கு நான் அந்தத் தூறலுக்கு நடுவில் தவளையை இறக்கினேன். இறக்கிய நொடியில் அடித்தது. இரண்டே முக்கால் கிலோ. அதற்கு முன்பு அவ்வளவு பெரிய மீனை நான் எடுத்ததில்லை. கரையில் போட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். என் பெரியப்பா மட்டும் மீனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி கோரைப் பக்கம் போனது, குறவை உள்ளே புகுந்து விளாசியது. மறுபாதி திறந்த தண்ணீரில் அப்படியே நின்றது. நீர்க்காகம் இரண்டு வந்தன. இருட்டுவதற்குள் ஒரு புள்ளிகூட இல்லை.

வீட்டில் மீனை அறுத்தபோது வயிற்றில் ஒன்றுமே இல்லை. பசித்து அடித்த மீன் இல்லை அது. பெரியப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அன்று குழம்பும் சாப்பிடவில்லை.

அதை நான் மீன்பிடித்த கணக்கில் வைப்பதில்லை. தம்பி, நீயும் தூறலைக் கண்டால் கம்பைச் சுருட்டிவிட்டு வேறு கரைக்குப் போ.

அக்டோபர் 18

அதே அண்ணன் மறுபடி: ‘பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றும். மீன்பிடித் திருவிழா என்று ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசித் தொடங்கி வைப்பார். ஆயிரம் பேர் ஊத்தா, கச்சா என்கிற மீன்பிடி சாமான்களும் வலையுமாக இறங்கி எல்லாவற்றையும் அள்ளப் போகிறார்கள். நீ விட்ட தாய் மீன் மட்டும் தப்புமா?’

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

ஒன்று, எல்லாம் அள்ளப்படுவதில்லை. விரால் சேற்றுக்குள் புதைந்து ஈரம் இருக்கும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்து பத்து நாளில் போன வருடத்து மீன் மூச்செடுப்பதை நான் கேட்டிருக்கிறேன். இரண்டு, நம் கண்மாய்கள் தனித்தனி அல்ல. மேல்கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால் அது கீழ்க்கண்மாய்க்கு வரத்து. கார்த்திகையில் மறுகால் போகும்போது விரல் நீளக் குஞ்சுகள் அதோடு இறங்கும். நீ விட்ட மீனின் பிள்ளை நாலு ஊர் தாண்டிப் போய் வளரும்.

திருவிழாவை நான் குறை சொல்லவில்லை. சேற்றில் நின்று ஊத்தாக் கூடையை அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவும்போது உள்ளே ஒரு விரால் புரண்டால் தோள்பட்டை வரை சிலிர்க்கும். அந்தச் சுகத்தை எந்தக் கம்பும் தராது. ஆனால் அது ஊர் முழுக்கச் சேர்ந்து, ஒரே நாளில், மழைக்கு வேண்டிக்கொண்டு எடுப்பது. ஐப்பசியில் ஒருவன் தனியாகப் போய்த் தாயை எடுப்பதை அதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

மழை. போகவில்லை.

நவம்பர் 12

உயிர்த்தவளை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் பழைய நோட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். உயிர்த்தவளையில் எடுத்தது அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நான் வேறு எதுவுமே போட்டதில்லை, அதனால் அந்தக் கணக்கை நம்ப முடியாது.

இப்போது ஏன் போடுவதில்லை? உயிர்த்தவளை நீ சொன்ன இடத்தில் இருக்காது. விழுந்ததும் இலைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும், முள்ளையும் இழுத்துப்போய் வேரில் மாட்டும். விரால் கிடக்கும் இடத்தில் இரை இருப்பதில்லை. இன்னொன்று, தவளை வயலுக்கு வேண்டியது. தவளைக்கால் ஏற்றுமதியை 1987-ல் அரசாங்கம் நிறுத்தியதற்கு ஒரு காரணம் அது பூச்சியைத் தின்று பயிரைக் காக்கிறது என்பதுதான். முன்பெல்லாம் முதல் மழை இரவில் எங்கள் ஊரில் தூங்க முடியாது, அவ்வளவு சத்தம். இப்போது தூங்குகிறோம். நான் எடுத்த தவளைகள் அதில் எத்தனை என்று எனக்குக் கணக்குத் தெரியாது.

பிள்ளைப்பூச்சி கிடைத்தால் நல்லது. சின்ன இரைதான், ஆனால் விரால் அதை விடாது. அயிரையும் அருமையான இரை. மதுரைக்காரனுக்கு அதை முள்ளில் கோக்க மனசு வராது என்பது வேறு விஷயம்.

நவம்பர் 12, மாலை

மேலே ‘சின்ன இரைதான், ஆனால்’ என்று எழுதியபோதுதான் உறைத்தது. பெரிய மீனுக்குப் பெரிய இரை என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். நோட்டு அப்படிச் சொல்லவில்லை. இரண்டரைக் கிலோவுக்கு மேல் நான் எடுத்தது நாலு மீன். ஒன்று அந்தத் தாய். மற்ற மூன்றில் இரண்டு, கட்டைவிரல் அளவு ஜிலேபிக் குஞ்சில் வந்தவை. கண்மாயில் எது அதிகமோ அதைத் தின்று பழகிய மீன் அது. இப்போது ஜிலேபி இல்லாத கண்மாய் எங்கே இருக்கிறது?

குஞ்சை முதுகுத் துடுப்புக்குக் கீழே, தோலோடு மட்டும் கோர்த்துத் தக்கை போட்டு விடு. அது நீந்த வேண்டும். ஆழமாகக் குத்தினால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

நவம்பர் 19, ஞாயிறு

வாடைக்காற்று பிடித்துவிட்டது. ஆகாயத்தாமரை முழுக்கத் தென்மேற்குக் கரையில் வந்து அடைந்திருக்கிறது. அந்தப் பச்சைப் பாயில் நடுநடுவே திட்டுத்திட்டாக ஓட்டை இருக்கும். மூச்செடுக்க விரால் அந்த ஓட்டைக்குத்தான் வரவேண்டும். ரப்பர் தவளையை இலை மேல் போட்டு, தத்தி வந்து ஓட்டையில் விழவிட்டு நிறுத்தினேன். ஒண்ணேகால் கிலோ. பெரிசில்லை, ஆனால் வழி சரி.

டிசம்பர் 3

தவறைத் திருத்திக்கொள்கிறேன். ஸ்பின்னர் கண்மாய்க்கு ஆகாது என்று அக்டோபர் 6-ல் எழுதினேன். கண்மாயில் ஆகாது, கலுங்கில் ஆகும். எங்கள் கண்மாய் மறுகால் போகிறது. கலுங்குக்குக் கீழே தெளிந்த தண்ணீர், பாசி இல்லை, ஓட்டம் இருக்கிறது. தங்கை மகன் ஒரு வெள்ளி ஸ்பின்னரை வீசினான். நான் வேண்டாம் என்றேன், ‘சும்மா பாருங்க மாமா’ என்றான். ஒண்ணரைக் கிலோ விரால், மூன்றாவது வீச்சில். டிரவுட் மாதிரியே ஒரு கல்லுக்குப் பின்னால் நின்று, ஓட்டத்தில் வருவதை அடித்தது. தம்பி, உன் கேள்விக்கு நான் பாதிதான் பதில் சொல்லியிருந்தேன்.

டிசம்பர் 27

குடும்பத்தோடு நீலகிரி. அவலாஞ்சிப் பக்கம் ஓர் ஓடைப் பாலத்தில் நின்றுவிட்டேன், பிள்ளைகள் வேனுக்குள்ளிருந்து கத்தினார்கள். விரல் நீள டிரவுட் நாலைந்து, எல்லாம் ஒரே திசையில் மூக்கை வைத்து ஓட்டத்தில் நின்றன. வால் மட்டும் அசைகிறது. இந்த மீன் நம் மலைக்கே உரியது இல்லை. 1860-களில் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. 1907-ல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் வைத்த பிறகுதான் நிலைத்தது. பிடிக்க மீன்வளத்துறை உரிமம் வேண்டும், என்னிடம் இல்லை, கம்பும் கொண்டுபோகவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். மேல்பக்கமிருந்து நடந்து போனபோது முப்பது அடியிலேயே கலைந்து ஓடின. சுற்றிக் கீழ்ப்பக்கமாக, வால் பக்கமிருந்து போனேன், பக்கத்தில் வரும்வரை அசையவில்லை. டிரவுட் பெரிதாகும்போது பூச்சியைக் குறைத்துக்கொண்டு சின்ன மீனுக்கு மாறும், கல் மறைவில் நின்று அந்தியிலும் இருட்டிலும் கிளம்பும். மடைக்குழியில் நம் ஆள் செய்வதும் இதையேதான். சக்தியை வீணாக்காத மீன்தான் பெரிதாகிறது.

ஜனவரி 21

குத்தகை பற்றி யாரும் பேசவில்லையே. மீன்பாசி (கண்மாய் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவரிடம் கேட்காமல் எந்தக் கண்மாயிலும் இறங்காதீர்கள். அவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். கட்லா, ரோகுவைத் தொடமாட்டேன், விரால் மட்டும் என்று சொல்லிக் கேட்டால் பலர் சரி என்பார்கள். அவர் விட்ட குஞ்சைத் தின்கிற மீன்தானே அது.

பிப்ரவரி 25, ஞாயிறு இரவு

தம்பி எழுதியிருக்கிறான். ஜனவரியிலிருந்து ஐந்து சாயங்காலம் கம்பில்லாமல் போய் உட்கார்ந்தானாம். மடைக்கல்லுக்கு மேற்கே ஒரே மூச்சு, ஏழெட்டு நிமிடத்துக்கு ஒன்று. இன்று ஆறே காலுக்கு, சத்தம் வந்த இடத்துக்கு ஒரு கை தள்ளி ரப்பர் தவளை. போட்டுக் கிடக்கவிட்டான். மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு எண்ணினானாம். இரண்டு கிலோ நானூறு. மாசி மாதம், குஞ்சு எதுவும் கூட இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். அவன் அம்மா மண்சட்டியில் வைத்த குழம்பின் படத்தையும் அனுப்பியிருக்கிறான்.

வயிற்றில் என்ன இருந்தது என்று பார்த்தாயா என்று கேட்டேன்.

பிப்ரவரி 26

பதில் வந்தது. ‘அண்ணே, தவளை இல்லை, ஜிலேபியும் இல்லை. மூணு வயல் நண்டு. ஒண்ணு முழுசா இருந்துச்சு, கொடுக்கு மட்டும் இல்லை.’

நண்டு! நாற்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட நண்டை முள்ளில் கோத்ததில்லை. சனிக்கிழமை வருகிறேன் தம்பி. மடைக்குக் கீழே வாய்க்கால் வரப்பில் வளை எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து வை.